அக்கா தள்ளிய புத்தகங்களும் என் முப்பத்தொன்றாம் பக்கமும்

பெரியபாளையத்து அம்மன் பாதத்தில் தலை வைத்து எழுந்து இந்த நாலு பக்கத்தை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்து நாளையோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் அடிக்கலாம் என்று பொன்னேரியில் உள்ள அச்சுக் கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் வாசகமெல்லாம் தயாராகவே வைத்திருக்கிறார்கள். அன்பின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு, பொறுமையின் பூமாதேவி. பெயரை மட்டும் மாற்றினால் போதும். "எது வேணும்னு டிக் அடிச்சுக் குடுங்க சார், பத்து நிமிசத்துல முடிச்சுடலாம்," என்றார் கடைக்காரர். பொறுமையின் பூமாதேவியாம்! அக்காவிடம் ஒரு அரைமணி நேரம் மாட்டியிருந்தால் அந்த மனிதர் பட்டியலையே அழித்துவிட்டுக் கடையை மூடியிருப்பார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நானே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது ஆரணியாற்றங்கரையில், பொன்னேரிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அப்பா லாரிக்குச் செங்கல் ஏற்றுகிறவர். அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். பத்தாவது முடித்த கையோடு வீட்டு வேலை, பிறகு பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அப்பா காலமான பிறகு அந்த வேலைதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. கல்யாணப் பேச்சு வந்தது, போனது. அதைப் பற்றிப் பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் நானும் எழுதவில்லை.

கம்பெனியில் அக்கா செய்தது பாட்டில் பார்க்கும் வேலை. மருந்து அடைத்த பாட்டில்கள் வரிசையாக வரும். பின்னால் வெள்ளைப் பலகை, மேலே டியூப்லைட். ஒவ்வொன்றையும் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தூசு மிதந்தாலும் தள்ளிவிட வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் நின்றுகொண்டே பார்த்தார். அந்தக் கண்தான் புத்தகத்துக்கும் வந்தது.

ரயிலில் போகும்போது மாத நாவல் படித்துப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் இருந்து பெரிய புத்தகங்களாக எடுத்தார். நாவல் அல்லது யாராவது தன் கதையைத் தானே எழுதியது, இந்த இரண்டுதான். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்தில் ஆரம்பிக்க மாட்டார். நடுவில் பிரித்து ஐந்து பக்கம் படிப்பார். தேறினால்தான் முதலில் இருந்து. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"மேல கீறத எவனும் பளபளன்னு தொடச்சுதான் வெச்சிருப்பான். கவுத்துப் பாத்தாதான் அடியில கெடக்கிறது மெதக்கும்," என்றார்.

கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். இடது கையில் ஊசி, அதை அசைக்கக் கூடாது. வலது கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார். பக்கம் திருப்புவதற்கு நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா "திருப்பு" என்றால் திருப்புவேன். "மூடு" என்றால் அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நான் கேட்ட "மூடு" கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் ஒரு நாவல். பரிசு வாங்கியது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனித் தொழிலாளிகளின் கதை என்பதால் ஆசையாக எடுத்துப் போனேன். நாற்பது பக்கத்தில் "மூடு" என்றார்.

"ஏங்க்கா, நம்ம ஊரு கதையாச்சே?"

"நம்ம ஊரா? இவன் இந்த ஊர ரயில் ஜன்னல்ல இருந்துகூட பாத்ததில்ல. கம்பெனிங்க பக்கம் எறங்குனா மொதல்ல இன்னா ஆவும்?"

"மூக்கு எரியும்."

"நாப்பது பக்கத்துல ஒருத்தனாச்சும் தும்முனானா? பொகக்கூண்டு வானத்துக்கு முத்தம் குடுக்குதாம். குடுக்கட்டும். கீழ நிக்கிறவன் இருமமாட்டானா?"

அடுத்தது, கம்பெனிக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒருவர் உருகி உருகி எழுதியது. அதில் கதாநாயகி மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை கண்ணீர் விடுகிறாள்.

"லைன்ல நின்னுக்கினு அழுதா பாட்டில எவன் பாக்குறது? நாங்க முப்பது பொம்பளைங்க நின்னோம். அழுதத உட சண்ட போட்டதுதான் ஜாஸ்தி. ஒருத்தி டிபன் பாக்ஸ இன்னொருத்தி தொறந்து மோந்து பாத்தான்னு ஒரு மாசம் பேச்சு வார்த்த இல்ல. அத எழுதத் துப்பில்ல. கொழாய தொறந்து வுட்ட மாரி அழ வுடுறான். மூடு."

இன்னொரு நாவலில் கதாநாயகன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான். எனக்கே பக்கம் திருப்பிக் கை வலித்தது. "இவ்ளோ மழ பேயுது, கொடியில கெடக்கிற துணிய எடுத்து உள்ள போட அந்த ஊட்ல ஆளே இல்லியா?" என்றார் அக்கா. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

தன் கதையைத் தானே எழுதுகிறவர்கள் மேல் அக்காவுக்கு இன்னும் கோபம். சொந்த முயற்சியால் உயர்ந்ததாகச் சொல்லும் ஒரு முதலாளியின் புத்தகம். முந்நூறு பக்கம். "இந்தாளு புக்குல ஒரு வாட்ச்மேன்கூட கெடையாது. கம்பெனி கேட்ட தெனமும் இவரே தொறந்துக்கினு உள்ள போனாரா?" ஓய்வு பெற்ற அதிகாரிகள் எழுதியவை வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் வறுமை, இரண்டாம் அத்தியாயம் தாய்.

"எட்டு புக்கு படிச்சுட்டேன் நைனா. எட்டு பேரோட அம்மாவும் பசிக்கலன்னு சொல்லிட்டு தண்ணியக் குடிச்சுட்டு படுத்துக்குது. எட்டு பேருக்கும் ஒரே அம்மாவா? நம்ம அம்மா பசிச்சா இன்னா பண்ணும்?"

"கத்தும்."

"பாத்திரத்த உருட்டும். அப்பாவத் திட்டும். நமக்கு ரெண்டு வெக்கும். அதான் அம்மா. அத ஒருத்தன் எழுதுறானா? அப்புறம் அக்கா, தங்கச்சி. 'சகோதரிகளைக் கரை சேர்த்தேன்'னு ஒரு லைனு. அதோட அதுங்க கத முடிஞ்சுது. கரையில எறக்கி வுட்டுட்டு இவன் படகுல பூட்டான்."

இத்தனைக்கும் நடுவில் அக்கா பரவாயில்லை என்று சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அதில் மாமியார் உயிர் போகிற நேரத்தில் மருமகள் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து ஓடுவாள். "இது நெசம். இவ ஊட்ல இருந்து பாத்தவ," என்றார் அக்கா. அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருநாள், "இவ்ளோ சொல்றீங்களேம்மா, நீங்களே ஒரு புக்கு எழுதுங்களேன்," என்றார். "எழுதிட்டு என்ன மாரி ஒருத்தி கையில மாட்டவா? போம்மா," என்றார் அக்கா.

எனக்கும் இதெல்லாம் கேட்டுக் கேட்டு வாய் வந்துவிட்டது. நானும் அந்த அதிகாரிகளைக் கேலி பேசினேன். ஆனால் அதே மாதங்களில், அக்காவுக்குச் சொல்லாமல், நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் நம் தெருவில் இருந்து பெரியபாளையத்துக்கு நடைப்பயணம் அழைத்துப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தையும் அம்மன் எனக்குச் செய்த அருளையும் வைத்து அறுபத்து நாலு பக்கத்தில் புத்தகம் அடித்தேன். மஞ்சள் குங்குமத்தோடு உங்களில் பெரும்பாலோருக்குக் கொடுத்தேன். அதில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், எனக்குப் பதினோரு வயதில் அம்மை போட்டு மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்ததும், பிழைத்தால் வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டதும் வருகிறது. வேப்பிலைக் கொத்துகளைக் கயிற்றில் கோத்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதுதான் வேப்பஞ்சேலை. நம்மவர்களுக்குத் தெரியும், வெளியூர் மருமக்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் சேலையைக் கட்டியவர் என் தாயார் என்று எழுதியிருந்தேன்.

கட்டியவர் அக்கா. அம்மா என் படுக்கையை விட்டு நகரவில்லை.

முதலில் நான் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சுக் கடைக்காரர்தான் படித்துவிட்டு, "அக்காவா? அம்மான்னு போடுங்க சார். அக்கான்னா படிக்கிறவன் தாண்டிப் பூடுவான். அம்மான்னா நின்னு கண்ணத் தொடப்பான்," என்றார். அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் சொன்னார், நான் ஒத்துக்கொண்டேன். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொரு பக்கத்தில், "திருமணம் ஆகாத என் மூத்த சகோதரி என் ஆதரவில் இருந்து வருகிறார்" என்றும் எழுதினேன். அக்கா கட்டிய வீட்டில், அக்கா வாங்கிய மேஜையில் உட்கார்ந்து எழுதினேன்.

புத்தகம் வந்ததும் நானே அக்காவிடம் கொண்டுபோனேன். எனக்குள் ஒரு கர்வம். அட்டையில் முன்பக்கம் அம்மன், பின்பக்கம் என் படம். அக்கா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அம்மன் முன்னாடி, நீ பின்னாடி. சரிதான். ஆனா படம் உன்னுதுதான் பெருசா கீது," என்றார்.

அன்று டயாலிசிஸ். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வழக்கம்போல நடுவில் பிரித்தார். அறுபத்து நாலு பக்கத்துக்கு நடு முப்பத்தொன்றுக்கு எத்தனை தூரம் என்று நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். "திருப்பு" என்று சொல்வார் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. மூடு என்றும் சொல்லவில்லை.

"வேப்பஞ்சேல கட்டுனது யாரு?"

"அது வந்துக்கா… அம்மான்னு போட்டா நல்லாருக்கும்னு…"

"நல்லாருக்கா?"

நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

"ஊட்ல. என் பக்கத்துல."

"அப்ப பெரியபாளையத்துல சுத்துனது இன்னா, அம்மாவோட ஜெராக்ஸா?"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை.

"மத்தவனுங்க பொய் எழுதுனானுங்க. அவனுங்க யாருன்னே எனக்குத் தெரியாது, போய்த் தொலையட்டும். நீ அம்மன் படத்த மேல போட்டுக்கினு எழுதிக்கீற. கட்டுனவ குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறா. நான் செத்தப்புறமாச்சும் மாத்தி எழுதியிருக்கக் கூடாதாடா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுவாத. அழுவுறவங்கள புக்குலயே பாத்து பேஜாராயிட்டேன்," என்றார்.

பெயர் மாறியது ஒரு பக்கம். வேண்டுதலின் பலனையே எடுத்து வேறொருவர் கணக்கில் வைத்துவிட்டேனே, அம்மன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் பெரிய பயம். மறுநாள் காலையில் அக்காவிடம், "பரிகாரமா இந்த ஆடிக்கு நானே வேப்பஞ்சேல கட்டிக்கினு சுத்துறேன்," என்றேன். அக்கா என் வயிற்றைப் பார்த்தார்.

"ஒனக்குக் கட்டுற அளவுக்கு வேப்பல திருவள்ளூர் ஜில்லாவுலயே கெடையாது. தப்பு பண்ணது பேப்பர்ல. பேப்பர்லயே சரி பண்ணு."

என் மனைவி அடுப்படியில் இருந்து, "அண்ணி சொல்றதுதான் கரெக்டு," என்றார். அவருக்கு என் புத்தகத்தின் மேல் முதலில் இருந்தே மரியாதை இல்லை.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதலில், "தியாகத் திருவிளக்காம் என் அக்கா" என்று ஆரம்பித்தேன். அக்கா ஒரு வரிதான் கேட்டார். "இது அச்சுக் கடைக்காரன் எழுதுனது. நீ எழுது." இரண்டாவது தடவை, "தன் உடல் நோவைப் பொருட்படுத்தாமல் அக்கா மூன்று முறை வலம் வந்தார்" என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"பொருட்படுத்தாமலா? எறும்பு தொடையில ஏறிப் புடுங்கி எடுத்துச்சு. கோயிலுன்னுகூட பாக்காம அசிங்க அசிங்கமா திட்டிக்கினே சுத்துனேன். மறுநாளு கையெல்லாம் தடிச்சுக் கெடந்துச்சு. சொறி புடிச்சவன்னு சூப்பர்வைசர் ஒரு வாரம் லைன்ல இருந்து என்னையே தள்ளிட்டான். பொருட்படுத்தலையாம்! கிழி."

கிழித்தேன். மூன்றாவதாக எழுதியதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அக்கா கண் திறக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, நெற்றியில் அம்மன் குங்குமம் இட்டு, வாயில் தீர்த்தம் விட்டோம். அமைதியாகப் போனார் என்று எழுதுவது வழக்கம். மூச்சுக்குச் சிரமப்பட்டுத்தான் போனார்.

அதன் பிறகு இந்த ஓராண்டில், ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் என் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்தி வருகிறேன். பலர் வீட்டில் அது பிரிக்கவே படாமல் பூஜை அலமாரியில் இருந்தது. ஒரு வீட்டில் ஆடுகிற பிரிட்ஜுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்துத் திருத்தி, மறுபடி அங்கேயே சொருகிவிட்டு வந்தேன். அதன் தகுதிக்கு அது சரியான இடம்தான்.

ஒருவர் மட்டும் தரவில்லை. என் தாய்மாமன். எண்பதைத் தாண்டியவர். புத்தகத்தை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்.

"பெத்தவ பேர அடிக்க வந்துட்டியா? போடா."

"பொய்யா எழுதிட்டேன் மாமா."

"இருக்கட்டுமே. உனக்கு உங்கக்கா பெருசுன்னா எனக்கு எங்கக்கா பெருசு. எங்கக்காவப் பத்தி நல்லதா ஒருத்தன் எழுதுனது இது ஒண்ணுதான்."

"மாமா, உங்களுக்கு நெசம் தெரியுமா, தெரியாதா?" என்று மட்டும் கேட்டேன். மடியில் இருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியாம இன்னாடா? நான்தான் அவள பஸ்ஸுல கூட்டிக்கினு போனேன். நான்தான் எல ஒடிச்சு கோத்துக் குடுத்தேன். எறும்ப ஒதறாம குடுத்துட்டேன்னு என்னையுந்தான் திட்டினா. ரெண்டு பேரும் பூட்டாங்க. இப்ப யாரு கேக்கப் போறாங்க?"

மாமா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மா எனக்காக மூன்று நாள் தூங்காமல் விசிறினார். அது அம்மாவுக்குப் போதும். அடுத்தவர் கட்டிய சேலை அம்மாவுக்கு வேண்டாம். உங்கள் பிரதியை நான் தொடவில்லை. நீங்களே திருத்தினால்தான் சரி.

அக்காவின் கடைசிக் காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட சிஸ்டர்கள், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோ எடுத்து வந்த எதிர்வீட்டுத் தம்பி, தவணை தாண்டிய புத்தகங்களைச் சத்தம் போடாமல் திரும்ப வாங்கிக்கொண்ட நூலகத்து அம்மா, அக்காவிடம் திட்டு வாங்கியும் வந்து பார்த்துக்கொண்டே இருந்த உறவினர், கூட வேலை பார்த்த பெண்கள், கடைசியில் தோள் கொடுத்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. அம்மன் உங்களைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

நாளை படையலுக்கு வரும்போது, என் புத்தகம் இன்னும் திருத்தாமல் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் "என் தாயார்" என்று தொடங்கும் பத்தியை அடித்துவிட்டு, இதை எழுதிக்கொள்ள வேண்டும்:

"எனக்கு அம்மை போட்டு நான் பிழைத்தபோது, பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டியவர் என் அக்கா. அவருக்குப் பத்தொன்பது வயது. இலை ஒடித்துக் கோத்துக் கொடுத்தவர் என் தாய்மாமன். எறும்பு கடித்தது. அக்கா எல்லோரையும் திட்டிக்கொண்டே மூன்று சுற்றையும் முடித்தார். அதனால் ஒரு வாரம் வேலைக்கு நிற்க முடியவில்லை. அம்மா வீட்டில் என் பக்கத்தில் இருந்தார். நான் இன்று வரை இருப்பது அக்காவின் வீட்டில், அக்காவின் ஆதரவில்."

இதை அக்கா பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் பாருங்கள். இதிலும் ஏதாவது பொய் இருந்தால் நாளை நாலு பேர் முன்னால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உறவாயிற்றே என்று பார்க்க வேண்டாம். அக்கா பார்த்ததில்லை.